வீட்டில் ஒருவர் குளிசை எடுக்கும்போது நாடகம் பார்ப்பது எப்படி

பின்னேரம் ஆறரைக்குத் தொடங்கினால் இரவு பத்து மணிவரை திருகோணமலையில் அநேகமான தமிழ் வீடுகளில் ஏதோவொரு நாடகம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். சென்னையில் எடுத்தது, ஹிந்தியில் எடுத்துத் தமிழில் குரல் கொடுத்தது, எதுவாக இருந்தாலும் சரி, எந்த மாதம் பார்த்தாலும் அவற்றில் ஒன்றிலாவது யாருக்கோ மூளை குழம்பியிருக்கும். அதே நேரம் வீட்டிலும் ஒருவர் உளநல கிளினிக்கில் தந்த குளிசையை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுவிட்டு, வந்து கதிரையில் உட்கார்ந்து அந்த நாடகத்தையே பார்ப்பார். இது அப்படியான வீடுகளுக்காக எழுதுவது. நான் டொக்டர் இல்லை, கவுன்சிலரும் இல்லை. சித்தி பல வருடமாக மருந்து எடுக்கிற வீட்டில், அவரோடு சேர்ந்து நாடகம் பார்த்து வளர்ந்த ஆள், அவ்வளவுதான். நாடகத்தை நிறுத்துங்கள் என்று புத்தி சொல்லப் போவதில்லை, நானே நிறுத்தமாட்டேன்.

முதல் வேலை, ரிமோட்டைக் கீழே வையுங்கள். தலைவிரி கோலமாக ஒருத்தி திரையில் சிரிக்கத் தொடங்கியதும் அவசரமாகச் சனலை மாற்றுகிற பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. நல்ல எண்ணத்தில்தான் மாற்றுகிறார்கள். ஆனால் ஏன் மாற்றினீர்கள் என்று அங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரியும், முக்கியமாக அவருக்குத் தெரியும். 'இது உன்னைப் பற்றியது, அதனால் நீ பார்க்கக்கூடாது' என்று வாயால் சொல்லாமல் கையால் சொன்னதாகிவிடும். ஓடட்டும். மாற்றவேண்டிய ஒரு இடம் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

விளம்பரம் வரும்வரை பேசாமல் இருங்கள். பேசவேண்டியதை விளம்பர நேரத்தில் பேசலாம், அதற்கு முன் நாடகத்தோடு சண்டை பிடித்தால் அம்மம்மாவுக்குக் கோபம் வரும், பிறகு நீங்கள் சொல்வது எதுவும் எடுபடாது.

இந்த வருத்தத்துக்குக் கதையில் என்ன வேலை?

விளம்பரத்தில் கேட்கவேண்டிய முதல் கேள்வி இதுதான். நாடகம் வாரத்தில் ஐந்து, ஆறு நாள் ஓடவேண்டும். ஒவ்வொரு நாளும் கடைசி நிமிடத்தில் ஒரு திடுக்கிடல் வேண்டும். நடிக்கிறவருக்கு வேறு இடத்தில் ஷூட்டிங் இருந்தால், பிள்ளைப்பேறு வந்தால், சம்பளப் பிரச்சினை வந்தால், அந்தப் பாத்திரத்தைக் கொஞ்ச நாள் எங்காவது ஒதுக்கி வைக்கவேண்டும். இதற்கெல்லாம் எழுதுகிறவரின் கையில் சில கருவிகள்தான் இருக்கின்றன: விபத்து, கோமா, சிறை, வெளிநாடு, அப்புறம் பைத்தியம். மற்றவற்றோடு பார்த்தால் பைத்தியம் மலிவு. காரும் உடைக்கத் தேவையில்லை, ஏயர்போர்ட்டும் தேவையில்லை, தலைமயிரைக் கலைத்துவிட்டால் போதும்.

ஆகவே ஒருவருக்குக் குழம்பியவுடன் எதற்காகக் குழம்பியது என்று கண்டுபிடியுங்கள். சொத்தை எழுதி வாங்குவதற்கா? கலியாணத்தை இன்னும் முப்பது எபிசோட் தள்ளிப் போடுவதற்கா? மறைத்து வைத்த இரகசியத்தை உளற வைப்பதற்கா? எங்கள் வீட்டில் இது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. தங்கச்சிதான் அதிகம் சரியாகச் சொல்வாள். கதைக்காகக் கொண்டுவந்த வருத்தம் கதை முடிந்ததும் போய்விடும் என்பது ஒருமுறை பிடிபட்டால், நாடகத்தில் சுகமானவரைப் பார்த்து 'உனக்கு மட்டும் ஏன் இன்னும் சரியாகவில்லை' என்ற கேள்வி வீட்டில் வராது.

சொத்துக் கதைக்கு ஒரு குறிப்பு. வில்லன் ஒரு டொக்டருக்குக் காசு கொடுத்து ஒரு கையெழுத்து வாங்குவான், அடுத்த காட்சியில் மருமகள் இரும்புக் கதவுக்குப் பின்னால் நிற்பாள். இந்த நாடகங்கள் எடுக்கப்படுகிற இந்தியாவில் 2017 ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, ஒருவரை அவர் விருப்பமில்லாமல் அனுமதிப்பதற்கு ஒரே ஒரு டொக்டரின் கையெழுத்து போதாது, இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும். சங்கிலியால் கட்டுவதையும் அந்தச் சட்டம் முற்றாகத் தடுக்கிறது. சங்கிலி விஷயம் சும்மா வந்ததில்லை. 2001 ஆகஸ்ட் 6 ஆம் திகதி ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டியிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகும் நாடகத்தில் சங்கிலியைப் பின்னணி அலங்காரமாக வைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொதி வரும்.

இந்த வேலைகளிலேயே மோசமானது கடைசியில் வருவது: வில்லிக்குப் பைத்தியம் பிடிப்பது. நாலு வருடம் எல்லாரையும் அழவைத்தவள் கடைசி வாரத்தில் தனக்குத்தானே பேசிக்கொண்டு தெருவில் திரிவாள், கதாநாயகி இரக்கப்பட்டுச் சோறு கொடுப்பாள், சுபம். செத்துப்போவது, சிறைக்குப் போவது போல இதுவும் ஒரு தண்டனை என்று வைக்கிறார்கள். இதைப் பார்த்த அடுத்த கிழமைதான் பக்கத்து வீட்டு மாமி வந்து, 'முன்னம் ஆருக்கோ செய்த பாவம்தான் இப்படி வந்து நிக்குது' என்று இரக்கத்தோடு சொல்லிவிட்டுப் போவார். மற்றப் பிழைகளைச் சிரித்துக் கடந்துவிடலாம். இதை மட்டும் விளம்பரத்தில் கட்டாயம் கதைக்கவேண்டும், அதுவும் பிள்ளைகள் முன்னால். இல்லாத குரல் கேட்கிற, இல்லாததை உண்மை என்று நம்புகிற மனச்சிதைவு என்ற வருத்தம் உலகத்தில் 2 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, முந்நூறு சொச்சம் பேருக்கு ஒருவர். அத்தனை பேரும் யாரையும் நஞ்சு வைத்துக் கொல்லப் பார்க்கவில்லை. பார்க்கப்போனால், கடுமையான மனவருத்தம் உள்ளவர்கள் அடிக்கிறவர்களாக இருப்பதைவிட அடி வாங்குகிறவர்களாக இருப்பதுதான் கூட.

ஒரு நிமிடம் சத்தத்தைக் குறையுங்கள்

இது நான் சொல்லித் தருவதிலேயே இலகுவானது. குழம்பியவர் திரைக்கு வந்ததும் மியூட் பொத்தானை அமத்துங்கள். இடி சத்தம், வயலின் கிறீச்சிடல், எதிரொலிக்கிற சிரிப்பு எல்லாம் போய்விடும். மிச்சம் இருப்பது என்ன? நித்திரை இல்லாத முகத்தோடு ஒரு பெண் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறாள். அவ்வளவுதான். பயப்படவைத்தது இசையும், சாய்த்துப் பிடித்த கமராவும்தான். ஒருநாள் இதைச் செய்துவிட்டு அம்மம்மாவைப் பார்த்தேன், அதுவரை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தவர், 'பாவம், அந்தப் பிள்ளைக்கு ஒரு தேத்தண்ணி குடுக்க ஒருத்தரும் இல்லையோ' என்றார்.

நிஜத்தில் வருத்தம் தொடங்குவது இப்படிச் சத்தமாக இல்லை என்பதையும் அந்த நேரத்தில் சொல்லிவையுங்கள். மனச்சிதைவு பெரும்பாலும் பதின்மக் கடைசியிலும் இருபதுகளிலும் தலைகாட்டும். ஏ.எல். படிக்கிற பெடியன் கூட்டாளிகளோடு உட்துறைமுகப் பக்கம் போவதை நிறுத்துவான். குளிக்கச் சொன்னால் எரிந்து விழுவான். இரவு முழுக்க முழித்திருந்து பகலில் படுப்பான். குசினியில் சட்டியைத் திறந்து சோற்றை மணந்து பார்ப்பான், அம்மா சாப்பிட்ட பிறகுதான் சாப்பிடுவான். யன்னலை மூடிவிட்டு, பக்கத்து வீட்டில் தன்னைப் பற்றிக் கதைக்கிறார்கள் என்பான். இது மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வரும், எந்த நாளில் தொடங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. நாடகத்தில் தொடக்கம் எப்போதும் ஒரு அதிர்ச்சிச் செய்தியோடு ஒரே காட்சியில் நடந்துவிடும். அதனால் வீட்டில் உள்ளவர்கள் அப்படியொரு காட்சியை எதிர்பார்த்துக்கொண்டு, கண்முன்னால் நடப்பதைக் 'குழப்படி', 'சோம்பல்', 'காதல் விஷயம் போல' என்று விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்று, இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரிவதைத்தான் நாடகம் விரும்பும், படம் பிடிக்க வசதி. உண்மையில் காதில் குரல் கேட்பதுதான் அதிகம். அதோடு, குரல் கேட்டாலே வருத்தம் என்றும் எடுக்கக்கூடாது. 1971 இல் வேல்ஸில் ஒரு டொக்டர் துணையை இழந்தவர்கள் 293 பேரைக் கேட்டுப் பார்த்ததில், கிட்டத்தட்டப் பாதிப் பேர் இறந்தவரைப் பக்கத்தில் உணர்ந்ததாகவோ கண்டதாகவோ குரலைக் கேட்டதாகவோ சொன்னார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையோரத்தில் எத்தனை பேர் இதைச் சொல்லப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தார்களோ.

தலையில் அடிபட்டு எல்லாம் மறந்துபோவதையும், இன்னொரு அடியில் எல்லாம் திரும்பி வருவதையும் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. அடிபட்டால் பெரும்பாலும் மறப்பது அடிபட்ட நேரமும் அதற்குக் கொஞ்சம் முன்பின்னும்தான், புதிதாக ஞாபகம் வைப்பதும் கஷ்டமாக இருக்கும். தன் பெயரையும் புருஷனையும் மட்டும் மறந்து, சேலை கட்டவும் சாம்பார் வைக்கவும் தெரிந்திருப்பது மிக மிக அரிது. இரண்டாவது அடி மூளைக்கு இன்னும் கேடுதான். சிரித்துவிட்டு விடுங்கள்.

பேய், இரட்டை ஆள், கோயில்

ஒரே உடம்பில் இரண்டு ஆள். பகலில் அமைதியான மருமகள், இரவில் கண்ணை உருட்டுகிற இன்னொருத்தி. நாடகத்து டொக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஏதோ ஒரு நீளமான பெயர் சொல்வார், பல நேரம் பிழையான பெயர். மனச்சிதைவுக்கும் ஆள் மாறுகிற அந்த நிலைக்கும் சம்பந்தமில்லை. முதலாவதில் ஆள் மாறுவதில்லை, அதே ஆள்தான், அவருக்குக் கேட்பதும் நம்புவதும் மாறுகிறது. இரண்டாவது வேறு வகை, பெரும்பாலும் சிறு வயதில் பட்ட கொடுமையோடு சேர்த்துப் பேசப்படுவது, நாடகத்தில் வருகிற மாதிரிப் பழிவாங்க வருவதில்லை.

அப்புறம் அதே நாடகம் இரண்டு வாரத்தில் டொக்டரைக் கைவிட்டுவிட்டுக் கோயிலுக்குப் போகும், அங்கே உடுக்கை, வேப்பிலை, அம்மன் கண் திறப்பது, எல்லாம் சரி. இதைப் பார்க்கும்போது கோயிலைப் பழித்துக் கதைக்காதீர்கள். பத்திரகாளி அம்மன் கோயில் இருக்கிற ஊரில் அது எடுபடவும் மாட்டாது, தேவையும் இல்லை. நேர்த்தி வைத்தால் வையுங்கள், நூல் கட்டினால் கட்டுங்கள், மூதூர், கிண்ணியாப் பக்கம் தண்ணீர் ஓதிக் குடிக்கிறவர்கள் குடிக்கட்டும். நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: நூல் கட்டிய அன்று குளிசையை நிறுத்தக்கூடாது. கோயிலில் யாராவது 'மருந்தை விட்டால்தான் அம்மாள் இறங்குவா' என்று சொன்னால் அங்கிருந்து எழும்பி வந்துவிடுங்கள். அடித்தால், மிளகாய்ப் புகை போட்டால், கட்டி வைத்தால் கேட்கவே வேண்டாம்.

பேயோடு சேர்த்துக் குடியையும் சொல்லவேண்டும், ஏனென்றால் நாடகத்தில் குடிகாரர் திருந்துவது மகள் அழுத ஒரே இரவில். வருடக்கணக்காக நாளாந்தம் நிறையக் குடித்தவர் அப்படித் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாளில் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், வலிப்பும் வரலாம், சுவரில் பூச்சி ஊர்கிறது, வாசலில் ஆள் நிற்கிறது என்று கத்துவார். எங்கள் பக்கத்தில் இதைப் பேய் பிடித்தது என்று நினைத்துப் பூசாரியைத் தேடுவார்கள். உயிருக்கே ஆபத்தான நிலை அது, பெரியாஸ்பத்திரிக்குத்தான் ஓடவேண்டும். நிறுத்த விரும்புகிறவர் முதலில் டொக்டரைக் கண்டு, அவர் சொல்கிறபடி நிறுத்துவதுதான் சரி.

கரண்ட் கொடுக்கிற காட்சி

கதாநாயகியைக் கட்டிலில் கட்டி, வாயில் துணி அடைத்து, நெற்றியில் இரண்டு பக்கமும் கருவியை வைத்து, அவள் கண் முழித்திருக்கும்போதே கரண்ட் கொடுப்பார்கள். அறை வெளிச்சம் விட்டுவிட்டு எரியும். பார்க்கிறவர்களில் யாருக்காவது டொக்டர் உண்மையில் இதைச் செய்யலாம் என்று சொல்லியிருந்தால், அந்த ஒரு காட்சியே அவர் கிளினிக்குக்குத் திரும்பிப் போகாமல் இருக்கப் போதும். ஆகவே இங்கே நீளமாகவே விளங்கப்படுத்துங்கள்.

இந்தச் சிகிச்சை 1938 இல் இத்தாலியில் தொடங்கியது. ஆரம்பத்தில் மயக்க மருந்து இல்லாமல்தான் செய்தார்கள், நாடகம் இன்னும் அந்தக் காலத்திலேயே நிற்கிறது. இப்போது நித்திரையாக்கி, தசை தளர மருந்து கொடுத்துச் செய்வார்கள். அந்தக் கரண்ட்டால் மூளையில் வரவைக்கிற வலிப்பு பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும், வெளியே பார்த்தால் கால்விரல் அசைவது தவிரப் பெரிதாக ஒன்றும் தெரியாது. சாப்பிடாமல், தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடக்கிற கடும் மனச்சோர்வில் இது உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. கொஞ்ச நாள் ஞாபகமறதி வருவது உண்மை, அதை ஒளிக்கவேண்டாம். மேலே சொன்ன 2017 ஆம் ஆண்டுச் சட்டத்தில், மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் இதைச் செய்யவே கூடாது என்று எழுதியிருக்கிறது. அதாவது சென்னை நாடகத்தில் அந்த டொக்டர் செய்வது அவருடைய நாட்டிலேயே சட்டவிரோதம். இதைச் சொன்னபோது எங்கள் மாமா, 'அப்ப அவனைப் பொலிஸ் பிடிக்கிற எபிசோட் எப்ப வரும்' என்று கேட்டார். இன்னும் வரவில்லை.

ஆஸ்பத்திரியும் அப்படித்தான். திரையில் இருட்டு, கம்பி, வெள்ளைச் சட்டையோடு ஊஞ்சலாடுகிற கூட்டம். இங்கே, கொழும்புப் பக்கம் மனநல ஆஸ்பத்திரி இருக்கிற அங்கொடையை வைத்துச் சொல்கிற பகிடியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது இன்னும் உறுதியாகப் பதிந்துவிடும். நிஜத்தில் பெரும்பாலானவர்கள் காண்பது ஒரு கிளினிக். விடியவே போய் நம்பர் எடுத்து, வாங்கில் வரிசையாக உட்கார்ந்து, கிளினிக் கொப்பியைக் கையில் வைத்து விசிறிக்கொண்டு, பெயர் கூப்பிடும்வரை பக்கத்தில் இருப்பவரோடு மீன் விலை கதைக்கிற இடம். அரச ஆஸ்பத்திரியில் மருந்துக்குக் காசு இல்லை. எனக்குத் தெரிந்து எந்த நாடகமும் அந்த வாங்கைக் காட்டியதில்லை. ஒருநாள் நாடகத்தில் மருமகளுக்கு மாமியார் இரகசியமாக ஏதோ குளிசை கொடுத்துக்கொண்டிருந்தார், சித்தி விரலில் சோறு ஒட்டியிருக்க, அதை உற்றுப் பார்த்துக்கொண்டே கேட்டார்: 'அந்தப் பிள்ளைக்கு ஏன் ஒருத்தரும் கொப்பி போட்டுக் குடுக்கேல்ல?' அன்றைக்கு வீட்டில் முதல் சிரித்தது அவர்தான்.

குளிசையை யன்னலால் எறிகிற எபிசோட்

மற்ற எல்லாவற்றையும் தவறவிட்டாலும் இந்த எபிசோட்டில் அறையில் இருங்கள். கதாநாயகன் வந்து, 'உனக்கு ஒன்றும் இல்லை, உனக்குத் தேவை அன்பு' என்று சொல்லிக் குளிசைப் போத்தலை வெளியே வீசுவான். அடுத்த பாட்டில் அவள் பூந்தோட்டத்தில். எனக்குத் தெரிந்த அளவில், வீட்டில் மருந்து நின்றுபோவதற்கு நாடகம் தருகிற நேரடியான உந்துதல் இந்தக் காட்சிதான்.

இதற்கு எதிராகச் சொல்லவேண்டிய விபரம் அதிகம், ஆனால் ஒரே இரவில் கொட்டாதீர்கள். மனச்சோர்வுக் குளிசை வேலை செய்யவே இரண்டு முதல் நாலு வாரம் எடுக்கும், பக்கவிளைவு மட்டும் முதல் நாளே வந்துவிடும், அந்த இடைவெளியில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சுகமான பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடரவேண்டும். நிறுத்துவதென்றால் டொக்டரோடு கதைத்துப் படிப்படியாக. மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்குவதற்குத் தருகிற லித்தியம் எடுப்பவருக்கு இடைக்கிடை இரத்தம் சோதிக்கவேண்டும். சிலருக்குக் குளிசைக்குப் பதிலாக இரண்டு கிழமைக்கோ மாதத்துக்கோ ஒருமுறை போடுகிற ஊசி. சில மருந்துகளில் உடம்பு வைக்கும், விடியக் கண் திறக்காது, வாய் காயும், கை நடுங்கும். சித்தி தேத்தண்ணிக் கோப்பையை எடுக்கும்போது தட்டில் கிலுகிலு என்று சத்தம் வரும். நாங்கள் தட்டை எடுத்துவிட்டுப் பெரிய மக் ஒன்று வாங்கினோம், ஒரு வார்த்தையும் பேசவில்லை. நாடகத்து நோயாளி மட்டும் மெலிந்து, கண்மை கலையாமல் இருப்பார்.

அன்போடு சேர்ந்து வருகிற மற்ற மருந்து கலியாணம். 'ஒரு கலியாணத்தைக் கட்டி வைச்சால் எல்லாம் சரியாகும்' என்று சொல்கிற உறவுக்கு நாடகம் ஒவ்வொரு வருடமும் புதிதாகச் சாட்சி சொல்லும். மருந்து எடுக்கிறவர் கலியாணம் கட்டக்கூடாது என்பதும் பிழைதான், கட்டி நன்றாக வாழ்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். மறைத்துக் கட்டி வைப்பதுதான் பிரச்சினை, ஏனென்றால் மறைக்கிற வீட்டில் முதலில் ஒளிக்கப்படுவது குளிசைதான், பிறகு தவறுவதும் அதுதான். பிள்ளை பெற விரும்பினால் முன்கூட்டியே டொக்டரிடம் சொல்லி மருந்தை மாற்றவேண்டி வரலாம்.

பிள்ளை பெற்றவளைப் பற்றி நாடகம் சொல்வது இன்னும் கொடுமை: பிள்ளையைத் தூக்காமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால் அவள் கெட்ட தாய். பிரசவத்துக்குப் பிறகு மனநலம் பாதிக்கப்படுவது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 13 வீதமான தாய்மாருக்கு, பெரும்பாலும் மனச்சோர்வு. இதைவிடக் கடுமையான, நினைவு தடுமாறுகிற நிலை ஆயிரத்துக்கு ஒன்று இரண்டு பேருக்கு வரும், அது உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய விஷயம். எங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது: வீட்டுக்கு வருகிற குடும்பநல மாது. பிள்ளையின் நிறையை எழுதிவிட்டுப் போகிறவரிடம் தாயின் நித்திரையைப் பற்றியும் சொல்லுங்கள்.

சனலை மாற்றவேண்டிய இடம்

தற்கொலைக் காட்சி. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை. 1996 நவம்பரில் பிபிசியின் ஆஸ்பத்திரி நாடகம் ஒன்றில் ஒருவர் மாத்திரை விழுங்குவதைக் காட்டினார்கள். அதற்குப் பிறகு வந்த வாரத்தில் அங்கே அதே மாதிரி ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் தொகை 17 வீதம் கூடியது, இரண்டாவது வாரத்தில் 9 வீதம். 1999 இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வந்த கணக்கு இது. 2019 இல் உலக சுகாதார நிறுவனம் திரைக்கும் மேடைக்கும் எழுதுகிறவர்களுக்கென்றே ஒரு கைநூல் போட்டது, முறையைக் காட்டாதே, அழகாக்காதே, மீண்டு வந்தவரைக் காட்டு என்று அதில் சொல்லியிருக்கிறது. எங்கள் நாடகங்கள் நேர்மாறாக, வில்லியைப் பயமுறுத்தவும் அப்பாவைச் சம்மதிக்க வைக்கவும் வாரம் ஒருமுறை அதைக் காட்டுகின்றன, ஸ்லோ மோஷனில்.

ஆகவே அது வந்தால் மாற்றுங்கள், காரணத்தையும் சொல்லி மாற்றுங்கள்: 'இதை இப்படிக் காட்டுறது சரியில்லை.' நாடகம் முடிந்த பிறகு மருந்து எடுக்கிறவரிடம் தனியே போய் நேராகவே கேளுங்கள், சாகவேணும் போல யோசனை வருகிறதா என்று. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. வருகிறது என்றால் தனியே விடாதீர்கள், வீட்டில் உள்ள மருந்து, பூச்சிமருந்து எல்லாவற்றையும் அவர் கைக்கு எட்டாமல் எடுத்துவிடுங்கள். இது சின்ன வேலை இல்லை. 1995 அளவில் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள், அக்காலத்தில் உலகத்திலேயே மிகக் கூடிய எண்ணிக்கைகளில் ஒன்று. கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்ததும் பத்து வருடத்தில் அது பாதியாகியது. அந்தக் கணம் கடந்துவிட்டால் பலர் பிழைத்து வாழ்கிறார்கள். தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம் 1926. காசில்லாமல் கதைக்கக்கூடிய இன்னொன்று 1333. நாடகத்தில் பொலிஸ் வந்து கேஸ் போடுவதைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். இலங்கையில் தற்கொலைக்கு முயல்வது 1998 இலிருந்து குற்றமில்லை.

எங்கள் பக்கத்து வருத்தம்

இவ்வளவு நாடகம் பார்த்தும் எங்கள் ஊரில் காணுகிற வருத்தத்தை நான் திரையில் கண்டதில்லை. 2004 இல் கடல் வந்தது, 2006 இல் சண்டைக்குப் பயந்து மூதூரிலிருந்து சனம் நடந்து வந்தது, அதற்கு முன்னும் பின்னும் காணாமல் போனவர்கள். இவற்றையெல்லாம் தாங்கியவர்கள் தலையை விரித்துச் சிரிப்பதில்லை. விடிய மூன்று மணிக்கு முழிப்பு, பிறகு நித்திரை இல்லை. நெஞ்சு அடைக்குது, உடம்பு உளையுது, தலைக்குள் ஏதோ ஊருது, 'யோசனை கூடிப்போச்சு' என்று ஓ.பி.டி.க்குப் போய் பனடோல் வாங்கி வருவார். டச்பே கடற்கரைப் பக்கம் ஒரு பின்னேரம் போவோம் என்று பிள்ளைகள் கூப்பிட்டால் இருபது வருடமாக ஏதோ ஒரு சாட்டு இருக்கும். இதைப் படமெடுக்க முடியாது, ஒன்றும் நடப்பதில்லையே. நாடகத்தை அளவுகோலாக வைத்தால் இவருக்கு வருத்தமே இல்லை என்றாகிவிடும். அதனால் திரையில் பைத்தியம் வருகிற இரவுகளில், திரையைப் பார்க்காமல் குசினியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கிறவரையும் ஒருமுறை கவனியுங்கள்.

கடைசியாக, தமிழ்த் தினப் போட்டிக்கு நாடகம் பழக்குகிற ஆசிரியர்களுக்கும், போனில் குறும்படம் எடுக்கிற பெடியளுக்கும். பகிடிக்கென்று ஒரு விசரனை மேடையில் ஏற்றுகிற பழக்கத்தை விடுங்கள். அப்படி ஒரு பாத்திரம் உண்மையிலேயே வேண்டுமென்றால் அதற்கு ஒரு பெயர் வையுங்கள், ஒரு தொழில் கொடுங்கள், வருத்தத்தோடு சம்பந்தமில்லாத ஒரு ஆசையும் ஒரு கெட்ட குணமும் கொடுங்கள், கிளினிக் நாளையும் கதைக்குள் வையுங்கள். மற்றப் பாத்திரங்கள் அவரைப் பார்த்துக் கோபப்படலாம், கடன் கேட்கலாம், சீட்டாடித் தோற்கலாம். பிறகு அதை நடிக்கப்போகிற பிள்ளையின் வீட்டில் யாருக்காவது இந்த வருத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். வகுப்பில் கேட்காதீர்கள், ஒத்திகை முடிந்து மற்றவர்கள் போன பிறகு தனியே கேளுங்கள். இருந்தால், நடிக்க விருப்பமா என்று அந்தப் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள். எங்கள் தங்கச்சி விருப்பம் என்றாள், வசனத்தில் மூன்று இடத்தை வெட்டச் சொன்னாள், டீச்சரும் வெட்டினார்.